கடை வேலையோடு டிகிரி: ஃபீஸ் கம்பெனி தரும், நேரம் யார் தருவார்?

தமிழ்நாடு–கேரள எல்லையில் களியக்காவிளை, மார்த்தாண்டம், பாறசாலை பக்கம் ஜவுளிக்கடையிலோ சூப்பர் மார்க்கெட்டிலோ நிற்பவர்களிடம் “படிச்சுக்கோ, ஃபீஸ் நாங்க தர்றோம்” என்று நிர்வாகம் சொன்னால், எவ்வளவு என்று கேட்பதற்கு முன் எப்போது என்று கேட்க வேண்டும். சேரும்போதே கட்டிவிட்டால் கவலையில்லை. பாஸான கிரேடு கார்டைக் காட்டினால்தான் பணம் என்றால் கைக்காசு இரண்டு தடவை முடங்கும். இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) ஆண்டு முறைப் படிப்பில் ஜூலையில் சேர்ந்தவருக்கு முதல் தேர்வு அடுத்த ஜூனில். அதன் ரிசல்ட் வருமுன்பே இரண்டாம் வருடத்துக்குப் பணம் கட்டிப் பதியும் ரீ-ரெஜிஸ்ட்ரேஷன் திறந்துவிடும். தேர்வு எழுதாவிட்டாலும், தோற்றாலும் அதைக் கட்டித்தான் ஆக வேண்டும். சீட்டுப் பணத்தை அந்த மாதத்துக்கு எடுத்து வைப்பது நல்லது. பாடத்துக்குப் பாடம் கட்டும் தேர்வுக் கட்டணமும், கடைசித் தேதி தவறினால் விழும் அபராதமும் திட்டத்தில் அடங்குமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்; பெரும்பாலும் அடங்காது.

எல்லையில் இருப்பவர்களுக்கு எங்கே சேருவது என்பதே ஒரு சிக்கல். மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் தங்கள் மாநிலத்துக்குள்தான் மையம் நடத்தலாம். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தத் தமிழகப் பக்கம், கொல்லத்தில் உள்ள ஸ்ரீநாராயணகுரு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு அந்தக் கேரளப் பக்கம். வீடு இங்கே, வேலை அங்கே என்றால் இக்னோ வசதி. கன்னியாகுமரி மாவட்டம் அதன் திருவனந்தபுரம் மண்டல மையத்தின் கீழ்தான் வருகிறது. ஆனால் தமிழக அரசு வேலை கனவில் இருந்தால் ஆங்கில வழி எடுக்குமுன் யோசியுங்கள்: தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 விழுக்காடு ஒதுக்கீட்டில், 2020 திருத்தத்துக்குப் பின், பட்டப்படிப்பு மட்டுமல்ல, பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருக்கக் கேட்கிறார்கள். எதில் சேர்ந்தாலும் அந்தப் பருவத்துக்கான யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதிப் பட்டியலில் படிப்பின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். “ஒரே வருஷத்துல டிகிரி” என்று பஸ் ஸ்டாண்டில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ் எதுவும் அதில் இருக்காது.

பணத்தைவிடக் கடினம் நேரம். ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. 6 கிரெடிட் பாடத்துக்கு 180 மணி. காலை ஒன்பதரைக்கு நுழைந்து இரவு எட்டரைக்கு வெளியே வருபவருக்கு நாளுக்கு ஒரு மணி கிடைத்தாலே அதிகம், அப்படியானால் ஒரு பாடத்துக்கு ஆறு மாதம். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார உரிமை தரும் திருத்தம் கேரளத்தில் 2018இல், தமிழ்நாட்டில் 2021இல் வந்தது. நாற்காலி வந்த கடைகளிலும் புத்தகத்தை விரித்தால் சூப்பர்வைசர் முகம் மாறும். பஸ்ஸில் படிப்பதே நடக்கிற காரியம்.

இக்னோ தேர்வு வருவதோ ஜூனிலும் டிசம்பரிலும். ஜூன் பள்ளி திறப்பு, யூனிஃபார்ம் கூட்டம். டிசம்பர் கிறிஸ்துமஸ், மார்த்தாண்டத்தில் மூச்சு விட முடியாது. காலைத் தேர்வு 10 முதல் 1 மணி வரை, மதியம் 2 முதல் 5 வரை. அரை நாள் லீவு ஒத்துவராது. உத்தேச அட்டவணை வந்த அன்றே முழுநாள் லீவு எழுதிக் கொடுங்கள். எல்லாப் பாடத்தையும் ஒரே பருவத்தில் எழுத வேண்டியதில்லை. மூன்றாண்டுப் பட்டத்துக்கு ஆறு ஆண்டு வரை அவகாசம் உண்டு.

அதிகம் பேர் சறுக்குவது வீட்டிலிருந்து விடை எழுதிக் கொடுக்கும் அசைன்மெண்ட்டில். மதிப்பெண்ணில் 30 விழுக்காடு அது, மீதி 70 தேர்வு; இரண்டிலும் தனித்தனியே 35 விழுக்காடு வேண்டும். டிசம்பர் தேர்வுக்கான அசைன்மெண்ட் வேலை ஓணம் வியாபாரத்தோடு மோதும், அதனால் ஆடித் தள்ளுபடி தொடங்குமுன் எழுதி முடித்துவிட வேண்டும். பழைய ஆண்டு வினாத்தாளுக்கு விடை எழுதிக் கொடுத்தால் அத்தனை பக்கமும் வீண். முகப்பில் பருவத்தைச் சரிபாருங்கள். கொடுத்ததற்கு ரசீதும் முழு ஜெராக்ஸும் கையில் இருக்கட்டும். ஆறு மாதம் கழித்தும் மார்க் ஏறாவிட்டால் கேட்க அது மட்டும்தான் ஆதாரம்.

ஃபீஸ் தருவதற்கு ஈடாக, வேலையை விடமாட்டேன் என்று பாண்டு (ஒப்பந்தப் பத்திரம்) கேட்டால் எத்தனை மாதம், பாதியில் நின்றால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்று எண்ணில் எழுதச் சொல்லுங்கள். தாங்கள் கட்டிய ஃபீஸைக் கேட்பது நியாயம். அதைவிடப் பல மடங்கு கேட்டால் கையெழுத்து வேண்டாம். ஒரிஜினல் சான்றிதழை மட்டும் கடை அலமாரியில் வைக்கக் கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் போதும்.