‘எல்லா எண்களும் பொருந்தியவை’ என்று விற்கப்படும் கார்98கே: ஒரு வாங்குநரின் மதிப்புரை

அமெரிக்காவில் பழைய இராணுவத் துப்பாக்கிகளை இணையவழி விற்கும் ஒரு கடையில், இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மானிய மவுசர் கார்98கே ரைபிள் ஒன்றை வாங்கினேன். கடையின் பெயரைக் குறிப்பிடப்போவதில்லை. இதே வாசகங்களோடு இதே ரகத் துப்பாக்கியை வேறு பலரும் விற்றுவருவதால், விளம்பரத்தின் தன்மையைச் சொல்வதே வாங்குபவருக்குப் பயன்படும். “1943-இல் மவுசர் தொழிற்சாலையில் தயாரானது, எல்லா எண்களும் பொருந்தியவை, ஆயுதசாலையில் புதுப்பிக்கப்பட்டது, மிகச் சிறந்த நிலை” என்பது விளம்பரம். எண்கள் என்றால், துப்பாக்கியின் முக்கியப் பாகங்களின்மேல் தொழிற்சாலையில் குத்தப்படும் வரிசை எண்கள். இருப்பில் உள்ளவற்றுள் நல்லதாகப் பார்த்து எடுத்துத் தருவதற்கென்று தனிக் கட்டணமும் வாங்கினார்கள்.

இந்த வாசகங்களில் ஒன்றைக்கூடப் பொய் என்று நேரடியாக நிரூபிக்க முடியாது என்பதுதான் இதிலுள்ள சாமர்த்தியம். போரில் சோவியத் படைகள் ஜெர்மானியரிடமிருந்து இந்தத் துப்பாக்கிகளைப் பெருந்தொகையில் கைப்பற்றின. போருக்குப் பிறகு சோவியத் ஆயுதசாலைகளில் அவற்றைப் பிரித்து, பாகங்களைக் கலந்து கழுவி, கையில் கிடைத்ததைக் கிடைத்ததோடு சேர்த்து மறுபடியும் பூட்டினார்கள். உலோகத்துக்குக் கரும்பூச்சும் மரத்துக்கு அரக்குப் பூச்சும் கொடுத்துக் கிரீஸில் தோய்த்துக் கிடங்கில் அடுக்கினார்கள். அப்படிப் பூட்டும்போது, எந்த போல்ட் (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் பாகம்) எந்த உடற்பகுதிக்குப் (போல்ட் இயங்கும் நடு உலோகப் பாகம்) போயிற்றோ அந்த உடற்பகுதியின் எண்ணை அதன்மேல் மின்னூசியால் கீறினார்கள். ஆகவே எண்கள் பொருந்துகின்றன என்பது உண்மை. ஆனால் ‘எண் பொருந்திய கார்98கே’ என்று ஒரு சேகரிப்பாளர் படிக்கும்போது அவர் மனத்தில் தோன்றுவது, 1943-இல் தொழிற்சாலையை விட்டு வெளியேறிய அதே பாகங்கள் பிரியாமல் இன்றுவரை ஒன்றாக இருக்கின்றன என்பதுதான். அந்த நிலையில் உள்ள துப்பாக்கிக்கும் சோவியத்தில் புதுப்பிக்கப்பட்டதற்கும் விலை பல மடங்கு வேறுபடும். அந்த வேறுபாட்டில் ஒரு பங்கைத்தான் கடை இந்த ஒரு வரியால் வசூலித்துக்கொள்கிறது.

பெட்டியைத் திறந்து போல்ட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோதே விஷயம் விளங்கிவிட்டது. தொழிற்சாலையில் ஆழமாகக் குத்தப்பட்ட பழைய எண்ணின் மேல் ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் நடுக்கம் தெரியும் மெல்லிய கோடுகளால் புதிய எண்ணை எழுதியிருந்தார்கள். மேகசினின் அடித்தகட்டிலும் கட்டையின் பின்தகட்டிலும் அதே கையெழுத்துப் போன்ற கீறல். உடற்பகுதியின் இடப்பக்கத்தில், கைப்பற்றிய துப்பாக்கிகளில் வழக்கமாகக் காணப்படும் எக்ஸ் முத்திரை இருந்தது. விளம்பரத்தில் இருந்த படங்கள் யாவும் வலப்பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டவை. குழலின் முனையருகே இறக்குமதியாளரின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி இறக்குமதியாகும் துப்பாக்கியில் அது இருந்தாக வேண்டும், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் படத்தில் குழல் அந்த இடத்துக்குச் சற்று முன்பாகவே வெட்டுப்பட்டிருந்தது. ‘மிகச் சிறந்த நிலை’ என்று சொல்லப்பட்ட உலோகத்தில், பின்பார்வைக் குறிக்குக் கீழே பழைய துருக்குழிகளின் மேலேயே புதிய கரும்பூச்சு ஏறியிருந்தது. தள்ளி நின்று பார்த்தால் பளபளப்பு; விரலால் தடவினால் சொரசொரப்பு.

கடைக்கு எழுதிக் கேட்டபோது மரியாதையாகவே பதில் வந்தது. “எண்கள் பொருந்துகின்றனவே ஐயா, புதுப்பிக்கப்பட்டது என்றும் சொல்லியிருக்கிறோமே” என்றார்கள். எங்கே, யாரால், எதற்காகப் புதுப்பிக்கப்பட்டது என்று விளம்பரம் சொல்லவில்லை என்பதற்கு, பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்த ‘படங்கள் மாதிரிக்கு மட்டுமே’ என்ற வரியைக் காட்டினார்கள். அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் ஏமாற்று விளம்பரங்களை எடைபோடும்போது, தனித்தனிச் சொல்லைவிட மொத்தத்தில் வாங்குபவர் என்ன புரிந்துகொள்வார் என்பதையே பார்க்கிறது; தலைப்பில் எழும் தவறான எண்ணத்தை அடிக்குறிப்பால் சரிக்கட்டிவிட முடியாது. இதை நினைவூட்டிய பிறகே திருப்பி அனுப்பச் சம்மதித்தார்கள். சுடாமல் பார்வையிட்டுத் திருப்பித் தர மூன்று நாள் அவகாசம் தரும் வழக்கம் இந்த வியாபாரத்தில் உண்டு. அதன்படி பணம் வந்தது, அனுப்பும் செலவும் தெரிவுக் கட்டணமும் என் தலையில் விழுந்தன. பெட்டியில் வைத்துக் கட்டிய விதத்தையும் அனுப்பிய வேகத்தையும் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

துப்பாக்கியையும் நான் குறை சொல்லவில்லை. சோவியத்தில் புதுப்பிக்கப்பட்ட கார்98கேவுக்கு அதற்கே உரிய வரலாறு உண்டு. அவற்றில் சில பின்னாளில் வட வியட்நாம் வரை போய்ச் சேர்ந்தன. அதை அந்த வரலாற்றோடு, அதற்குரிய விலையில் விற்றிருந்தால் மகிழ்ச்சியாக வைத்துக்கொண்டிருப்பேன். இதே கடை, சோவியத் மோசின் ரைபிளில் பி.யு. என்ற சோவியத் ரகக் குறிபார்க்கும் தொலைநோக்கியைப் பூட்டி ‘ஸ்னைப்பர்’ என்றும் விற்கிறது. போர்க்காலத்தில் ஸ்னைப்பராகவே தயாரானவையும் உண்டு, சாதாரண ரைபிளில் இப்போது துளையிட்டுத் தொலைநோக்கி பூட்டியவையும் உண்டு. எது எது என்று அந்த விளம்பரத்திலும் தெளிவில்லை.

கியூரியோ உரிமம் (பழைய துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்களுக்கான அமெரிக்க மத்திய அரசின் உரிமம்) வைத்திருந்து இத்தகைய கடையில் வாங்க நினைப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் போல்ட்டின் எண், உடற்பகுதியின் இடப்பக்கம், குழல் முனை ஆகிய மூன்றின் படங்களையும், மாதிரிப் படங்களாக அல்லாமல் தமக்கு வரப்போகும் அதே துப்பாக்கியின் படங்களாக, எழுத்து மூலம் கேட்டுப் பெற வேண்டும். தர மறுத்தால் வேறு கடை பார்ப்பது நல்லது. என் மதிப்பீட்டில் அனுப்பும் சேவைக்கு ஐந்துக்கு நான்கு, விளம்பரத்துக்கு ஒன்று. நான் திருப்பி அனுப்பிய பிறகும் அந்த விளம்பர வாசகம் ஓர் எழுத்தும் மாறாமல் அப்படியே இருக்கிறது.