முதல் மூன்று வாரம் நன்றாகத்தான் இருந்தான்

தம்பிக்கு அப்போது 21 வயது. பகலில் தூக்கம், இரவெல்லாம் விழிப்பு. நண்பர்களை ஒவ்வொருவராக விட்டுவிட்டான். சோம்பேறி என்று திட்டினோம். அப்புறம் செல்போன் கேமராவில் டேப் ஒட்டினான். "அக்கா, மெதுவா பேசு, கேட்டுக்கிட்டிருக்காங்க" என்று சொன்ன அன்றுதான் எங்களுக்கு உறைத்தது.

மனநல மருத்துவர் ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்து, வேறு நோயோ போதைப்பொருளோ காரணமில்லை என்று தெரிந்த பிறகுதான் ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு என்றார். மாத்திரையில் அவன் காதில் கேட்ட குரல்கள் அடங்கின. ஆனால் கை நடுங்கியது, எடை ஏறியது, எப்போது பார்த்தாலும் மந்தம். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் அந்த ஆளிடம் போனோம்.

"பாரனாய்டு வகைக்கென்றே தனி முறை, மாத்திரை இல்லாமல் 90 நாளில் பூரண குணம்" என்றார். (பாரனாய்டு என்றால் சந்தேகமும் பயமும் மேலோங்கிய வகை; அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013-லேயே கைவிட்ட பிரிவு அது.) பெயருக்கு முன்னால் டாக்டர் இருந்தது, எதில் டாக்டர் என்று கேட்கத் தோன்றவில்லை. முழுப் பணத்தையும் முதலிலேயே வாங்கிக்கொண்டு, மாத்திரையை அன்றைக்கே நிறுத்தச் சொன்னார்.

மூன்று வாரத்தில் தம்பி பழையபடி சிரித்தான். நடுக்கம் போயிற்று. நாங்கள் ஏமாந்தது இங்கேதான். மாத்திரையை விட்டால் முதலில் போவது பக்கவிளைவு. நோய் திரும்பி வர வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். இந்த இடைவெளியில்தான் இவர்கள் பிழைப்பு ஓடுகிறது. அவர் கேட்டதும் கேமரா முன் உட்கார்ந்து நன்றி சொன்னேன்.

ஒன்பதாவது வாரம் அறையைத் தாழிட்டுக்கொண்டான். சீல் உடைக்காத பாட்டில் தண்ணீர் தவிர எதையும் தொடவில்லை. அம்மா விஷம் கலக்கிறாளாம். போன் செய்தால், "நச்சு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி" என்றார். இன்னொரு முறை, குடும்பத்துக்கு நம்பிக்கை போதவில்லை என்றார். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

மருத்துவமனையில் சேர்த்தோம். பழைய மருத்துவர் திட்டவில்லை. "நடுக்கத்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார், அவ்வளவுதான். அளவைக் குறைக்கலாமாம், மருந்தை மாற்றலாமாம், மாதம் ஒருமுறை போடும் ஊசி கூட இருக்கிறதாம். இரண்டு மருந்துகளைச் சரியாகக் கொடுத்தும் கேட்காவிட்டால் குளோசபின் என்ற மருந்து; அதற்குத் தவறாமல் ரத்தப் பரிசோதனை வேண்டும். இதில் ஒன்றைக்கூட நாங்கள் கேட்டுப் பார்க்கவில்லை.

இப்போது மருந்தை மாற்றியிருக்கிறார்கள். தேறி வருகிறான், மெதுவாக.

வீடியோவை நீக்கச் சொல்லி பலமுறை கேட்டுவிட்டேன். இன்னும் ஓடுகிறது. தம்பி குணமாகிவிட்டான் என்று கண்கலங்கி ஒரு பெண் பேசுவதைப் பார்த்தால், அது நான்தான். மூன்றாவது வாரத்தில் எடுத்தது.