“உங்கள் எட்டு எழுத்தில் உலோகமே இல்லை” என்று சொல்லி 2,888 வெள்ளி பறித்த கடை – சிங்கப்பூரில் இருப்போர் கவனத்திற்கு

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு புதிதாக வாங்கியிருப்பவர்களும் வாங்கவிருப்பவர்களும் இதை முழுவதும் படித்துவிடுங்கள். நகர மையத்து அங்காடி வளாகம் ஒன்றில் கடை வைத்துக்கொண்டு, பாஸி எனப்படும் சீன ஜாதகத்தைக் கணித்து, அதற்கேற்ப வீட்டின் ஃபெங்சுயியை, அதாவது சீன வாஸ்துவை, சரிசெய்து தருவதாகச் சொல்லும் ஒருவரிடம் 2,888 வெள்ளியைப் பறிகொடுத்துவிட்டு இதை எழுதுகிறேன். அதில் 888 வெள்ளி ஆலோசனைக் கட்டணம். 2,000 வெள்ளி அவர் கடையிலேயே வாங்க வைத்த பொருள்களுக்கு. பணம் திரும்பாது என்று இன்று காலைதான் முடிவாகச் சொன்னார்கள். கவனிக்க வேண்டியவற்றைக் கடைசியில் சொல்கிறேன்.

ராசியும் லக்னமும் பார்த்தே எல்லாக் காரியத்தையும் தொடங்கும் குடும்பம் எங்களுடையது. அதனால், பிறந்த தேதியோடு மணி, நிமிடம் வரை அவர் கேட்டபோதே மரியாதை வந்துவிட்டது. 1980 பிப்ரவரி 10, காலை 9.20, சிங்கப்பூர் என்றேன். மஞ்சள் தாளில் தூரிகைப் பேனாவால் ஆண்டு, மாதம், நாள், மணி என்ற நான்கு தூண்களுக்கும் இரண்டிரண்டாக எட்டு எழுத்துகளை (ஒவ்வொன்றும் மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற ஐந்தில் ஒன்றைக் குறிக்கும்) நிதானமாக எழுதி, நாளுக்குரிய மேல் எழுத்தைச் சுற்றி வட்டமிட்டார். “நீங்கள் நீர், மழைத்துளி மாதிரி மெல்லிய நீர். நீரைப் பிறப்பிப்பது உலோகம். உங்களுக்கு எட்டில் ஒன்றுகூட உலோகம் இல்லை. பணம் வரும், தங்காது” என்றார். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த நொடியில் நாங்கள் இருவருமே அவர் பக்கம் சாய்ந்துவிட்டோம்.

பிறகு வீட்டிற்கு வந்து, லுவோபான் திசைகாட்டியை வாசலின் இரும்புக் கதவுக்கு ஒரு முழம் தள்ளி வைத்துத் திசை அளந்தார். இரும்புக்கு அருகில் முள் எந்தப் பக்கமும் இழுபடும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். 2024 பிப்ரவரி 4 அன்று ஃபெங்சுயிக் கணக்கின் ஒன்பதாம் காலம் பிறந்துவிட்டது, 20 ஆண்டுகளுக்கு நெருப்பின் ஆட்சி, சேரும் கொஞ்ச உலோகத்தையும் அது உருக்கிவிடும் என்று பயமுறுத்தி, ஆறு குழல் மணி, சுரைக்காய், நாணயக் கோவை என எல்லாவற்றையும் ‘சுத்தப் பித்தளை’ என்று தலையில் கட்டினார். கட்டிலையும் தெற்கே தலைவைக்கும்படி திருப்பிப் போட வைத்தார்.

மணியின் முலாம் உரியத் தொடங்கியதும் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன், கப்பென்று ஒட்டிக்கொண்டது. பித்தளையில் காந்தம் ஒட்டுமா?

சந்தேகத்தில் அந்த மஞ்சள் தாளை, நெடுநாள் பாஸி பயின்ற பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவரிடம் காட்டினேன். அவர் விளக்கியது இதுதான்: பாஸியில் ஆண்டு பிறப்பது சீனப் புத்தாண்டு அன்றல்ல, பிப்ரவரி 4ஐ ஒட்டி வரும் லிச்சுன் எனும் வசந்தத் தொடக்க நாளன்று. 1980இல் புத்தாண்டு பிப்ரவரி 16ஆம் தேதிதான் வந்தது என்பதால், கடைக்காரர் என்னை முந்தைய ஆட்டு ஆண்டில் தள்ளியிருக்கிறார். எனக்குரியது குரங்கு ஆண்டு. அதன் இரண்டு எழுத்துகளுமே உலோகம்! என்னிடம் இல்லவே இல்லை என்று சொல்லி எதை 2,000 வெள்ளிக்கு விற்றாரோ, அது என் முதல் தூணிலேயே இருக்கிறது. ஆண்டு மாறியதால், பிறந்த ஆண்டை வைத்து நல்ல திசை காட்டும் குவா எண்ணும் 2க்குப் பதில் 3 ஆகி, எனக்கு ஆகாத தெற்கையே சிறந்த திசை என்று சொல்லியிருக்கிறார். 1982க்கு முன் இங்கே கடிகாரம் இப்போதையதைவிட அரை மணி பின்தங்கி ஓடியதையும் கடைக்காரர் கணக்கில் எடுக்கவில்லை. சூரிய நேரப்படி பார்த்தால் மணித் தூணும் மாறுமாம்.

கடையில் கேட்டதற்கு வந்த பதில்களைப் பாருங்கள். மாஸ்டர் ஹாங்காங் போயிருக்கிறார் என்றாள் உதவியாளர்ப் பெண். அடுத்து, பலன் தெரிய மூன்று மாதமாகும் என்றார்கள். பிறகு, ‘உயிரூட்டப்பட்ட’ பொருளைத் திரும்ப எடுக்க இயலாது என்றார்கள். கணக்குப் பிழையைச் சுட்டிக்காட்டியபோது, என் மனத்தில் நம்பிக்கை இல்லாததே காரணம் என்று சொல்லிவிட்டு, மறு கணிப்புக்குப் பாதிக் கட்டணம் போதும் என்றார்கள். 2,888 வெள்ளி வாங்கியவர்கள் சொல்லும் பேச்சா இது? இன்று என் எண்ணையே வாட்ஸ்அப்பில் தடுத்துவிட்டார்கள்.

விரிவாக எழுதும் பொறுமை இப்போது இல்லை. பிப்ரவரியில் பிறந்தவர்கள், எந்த ஆண்டைக் கணக்கில் எடுத்தார் என்று முதலில் கேளுங்கள். ஜாதகம் பார்ப்பவரே பொருளும் விற்றால் எழுந்து வந்துவிடுங்கள். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், ரசீதில் ‘பித்தளை’ என்று எழுதி வாங்குங்கள். என் ரசீதில் ‘அலங்காரப் பொருள்’ என்றுதான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் 2,888 வெள்ளிக்கும் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் விண்ணப்பம் போடப்போகிறேன்.