செகண்ட் ஹேண்ட் லென்ஸ் வாங்கப் போனால் டார்ச் எடுத்துட்டுப் போங்க

மின்னலும் மழைமேகமும் எடுக்க பழைய வைட் லென்ஸ் (அகலமான காட்சியை ஒரே படத்தில் அடக்கும் கேமரா லென்ஸ்) தேடுகிறீர்கள் என்றால், நான் சிங்கப்பூரில் 680 வெள்ளி கொடுத்துவிட்டுப் பட்ட பாட்டைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

ஜூன், ஜூலையில் விடிவதற்கு முன்னால் மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து சுமத்ரா காற்று வரும். மேற்கே கறுப்பு வளைவாக மேகம் உருண்டு வரும். தலைக்கு மேல் வந்துவிட்டால் அப்புறம் வெறும் மழைதான், படம் கிடையாது. எனக்கு ஜூரோங் வெஸ்ட்டில் 14-ஆம் மாடி, மேற்குப் பார்த்த தாழ்வாரம். திறந்த வெளியில் நின்று மின்னலிடம் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. வைட் லென்ஸ் ஒன்றுதான் குறை.

நகரில் ஒரு கடை. நம்ம தமிழ்த் தம்பிதான் கல்லாவில். "அண்ணே, கண்ணாடி மாதிரி இருக்கு பாருங்க" என்று விளக்கடியில் திருப்பித் திருப்பிக் காட்டினார். லென்ஸ் வேறு எப்படி இருக்குமாம்? அப்போது கேட்கத் தோன்றவில்லை. வெள்ளைச் சுவரை இரண்டு படம் எடுத்தேன், சுத்தமாக இருந்தது. பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிட்டேன்.

பத்தாம் நாள் விடியற்காலை ஐந்து மணிக்குக் காற்று வந்தது. டிரைபாட், எஃப் 8, ஐஎஸ்ஓ 100, 15 விநாடி. தூரத்து விளக்குகளுக்குப் பின்னால் கிளை கிளையாக ஒரு மின்னல். சட்டத்துக்குள் அப்படியே விழுந்தது. கம்ப்யூட்டரில் திறந்தால் மின்னலைச் சுற்றி மோரைத் தெளித்த மாதிரி மங்கல். ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு வெள்ளை வட்டம். மழைச்சாரல் என்று நினைத்தேன். மறுநாள் தெளிந்த இரவில் தெருவிளக்கை எடுத்தேன், அதே வட்டம்.

கைப்பேசி டார்ச்சை லென்ஸின் பின்பக்கம் பிடித்து, முன்பக்கம் சாய்வாகப் பார்த்தேன். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி சிலந்தி நூல் மாதிரி பூஞ்சை. சுவரில் தெரியாதது எதிர்வெளிச்சத்தில்தான் காட்டிக்கொடுக்கிறது.

"உங்க வீட்டு ஈரத்துல வந்திருக்கும்ணே" என்றார் அதே தம்பி. 11 நாளில்! அதுவும் ஈரத்தை இழுக்கும் டிரை கேபினெட்டில், ஈரப்பத முள் 45 சதவீதத்தைத் தாண்டாமல் வைத்திருந்த லென்ஸில். ரசீதின் அடியில் பொடி எழுத்தில் 'உள்ளது உள்ளபடி' என்று இருப்பதை அப்போதுதான் காட்டினார்.

பழுதுபார்க்கும் ஒரு பெரியவரிடம் 30 வெள்ளி கொடுத்துக் காட்டினேன். அவர் எடுத்ததும் லென்ஸுக்குள் பார்க்கவில்லை. முதலில் பின்வளையத்துத் திருகுகளைப் பார்த்தார். நான்கில் ஒன்றின் தலை தேய்ந்து, கூட்டல் குறி கிட்டத்தட்ட வட்டமாகியிருந்தது. "யாரோ ஏற்கெனவே கழற்றித் துடைச்சிருக்காங்க. கண்ணாடி மேல இருக்கிற கோட்டிங்கைப் பூஞ்சை தின்னுடுச்சு, இனி துடைச்சாலும் தழும்பு போகாது."

இதைத்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: 2012 செப்டம்பரில் சிங்கப்பூரில் நடப்புக்கு வந்த லெமன் சட்டம், அதாவது குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் சட்டம், கடையில் வாங்கும் பழைய பொருளுக்கும் உண்டு. ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், விற்கும்போதே இருந்தது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று காட்டவேண்டியது கடைக்காரர். 'உள்ளது உள்ளபடி' என்று எழுதி அதிலிருந்து நழுவ முடியாது. ஆனால் தனியாரிடம் நேரடியாக வாங்கினால் இந்தச் சட்டம் கைகொடுக்காது.

முதலில் பயனீட்டாளர் சங்கத்தில் கேட்டேன். பிறகு 10 வெள்ளி கட்டி சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் பதிந்தேன். விசாரணைக்கு இரண்டு நாள் இருக்கும்போது கடையிலிருந்து ஃபோன். 680 வெள்ளி திரும்ப வந்தது. பெரியவருக்குக் கொடுத்த 30 என் கணக்கு.

போன சனிக்கிழமை அந்தப் பக்கம் போக நேர்ந்தது. கண்ணாடி அலமாரியில் ஒரு வைட் லென்ஸ். அதே மாடல், பின்வளையத்தில் அதே மொட்டைத் திருகு. விலைச்சீட்டில் 720 வெள்ளி.