லீகல் எய்ட் வக்கீல் காசு கேட்டா குடுக்காதீங்க, 60 நாள் கணக்க நீங்களே எண்ணுங்க

டெல்லில திரிலோக்புரி, மயூர் விஹார் பக்கம் இருக்கற நம்மாளுங்க யாராவது கோர்ட்டுக்கு அலையறீங்கன்னா இத படிங்க.

எங்க சித்தி பையன போன வருஷம் மொபைல் பறிச்சான்னு தூக்கிட்டு போனாங்க. பறிச்சானா இல்லையான்னு கோர்ட் பாத்துக்கட்டும், நான் சொல்ல வந்தது வேற. சித்தி நாலு வீட்ல வேலை செய்றாங்க, சித்தப்பா இல்ல, வக்கீல் வைக்க வழியில்ல. கஸ்டடில இருக்கறவங்களுக்கு வருமானம் பாக்காமலே ஃப்ரீ வக்கீல் குடுக்கணும்னு 1987 லீகல் சர்வீசஸ் சட்டத்துலயே இருக்கு, அப்படி ஒருத்தர குடுத்தாங்க.

முதல் நாளே "ஃபீஸ் ஒண்ணும் வேணாம் மாதாஜி, டைப்பிங், ஃபோட்டோஸ்டேட், ஸ்டாஃபுக்கு சாய் பானி, 1,500 போதும்"னார். அடுத்த தாரீக்குக்கு, அதாவது கோர்ட் வாய்தாவுக்கு, இன்னொரு 2,500. சித்தி ஒரு வீட்ல அட்வான்ஸ் வாங்கி குடுத்தாங்க. நானும் கூட தான் நின்னேன், கேக்கல, ஃப்ரீயா வந்த வக்கீல கோவிச்சுக்க வச்சா இவரும் போயிடுவாரோன்னு பயம். ஆனா பேனல் வக்கீல், அதாவது லீகல் எய்ட் லிஸ்ட்ல இருக்கற வக்கீல், கட்சிக்காரர்கிட்ட ஒரு பைசா கேக்கவோ வாங்கவோ கூடாது, நால்சாங்கற தேசிய லீகல் சர்வீசஸ் ஆணையம் 2010ல போட்ட ரூல்லயே அது இருக்கு, டைப்பிங், காப்பி செலவும் லீகல் எய்ட்ல தான் வரும். இதெல்லாம் எனக்கு அப்புறம் தான் தெரிஞ்சுது.

காசு கூட போகட்டும்ங்க. அவர் ஒரு தடவ கூட ஜெயிலுக்கு போய் பையன்கிட்ட பேசல, பேரையே ஃபைல பாத்து தான் சொன்னார், பாதி தாரீக்குக்கு ஜூனியர் வந்து அடுத்த தேதி வாங்கிட்டு போயிடுவார்.

பெரிய அடி எங்க விழுந்துச்சுன்னா, இந்த மாதிரி மூணு வருஷம் வரைக்கும் தண்டனை உள்ள கேஸ்ல ரிமாண்ட் ஆகி 60 நாளுக்குள்ள போலீஸ் சாலான், அதாவது குற்றப்பத்திரிகை, போடலன்னா பெயில் உரிமையாவே கெடைக்கும், டிஃபால்ட் பெயில்னு சொல்றாங்க, ஆனா சாலான் வர்றதுக்குள்ள கேட்டுடணும். வாயால கேட்டா கூட போதும்னு 2017ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. எங்க கேஸ்ல சாலான் வந்தது 66வது நாள். நடுவுல அஞ்சு நாள் சும்மா கெடந்துச்சு, வாயத் தொறந்து கேக்க ஆளில்ல! முலாகாத்ல, ஜெயில்ல பாக்கப் போனப்ப, பையன் தான் சொன்னான், உள்ள இருக்கற லீகல் எய்ட் க்ளினிக்ல ஒருத்தர் ரிமாண்ட் தேதிய கேட்டு விரல் விட்டு எண்ணிட்டு தலைல கை வச்சுக்கிட்டாராம்.

அப்புறம் தான் லீகல் எய்ட் ஹெல்ப்லைன் 15100க்கு ஃபோன் அடிச்சேன். கோர்ட் வளாகத்துலயே லீகல் சர்வீசஸ் ஆபீஸ் இருக்கு, அங்க செக்ரட்டரிக்கு எழுதி குடுங்கன்னாங்க. வக்கீல மாத்தி கேக்கலாம்னு அதுவரைக்கும் யாரும் எங்களுக்கு சொல்லல. சித்திக்கு ஹிந்தி பேச வரும், எழுத வராது, நான் எழுதி அவங்க கைநாட்டு வச்சாங்க, தேதி தேதியா, யார் வந்தாங்க, எப்ப எவ்ளோ வாங்கினார்னு. புது வக்கீலம்மா ஜெயிலுக்கே போய் அவன்கிட்ட அரை மணி நேரம் பேசினாங்க, பெயில் 94வது நாள் ஆச்சு.

4,000 இன்னும் திரும்பி வரல. கம்ப்ளைன்ட் காப்பில சீல் போட்டு வாங்கி வச்சிருக்கேன், மாதிரிக்கு வேணும்னா கேளுங்க, பேர மறைச்சு அனுப்பறேன்.