வீல்சேருக்காக வீட்ட மாத்தினோம், அஞ்சாறு வருஷம் கழிச்சு எது தாங்குச்சு எது தாங்கல

சேலம் அம்மாபேட்டை பக்கம் பழைய வீடுங்க எங்களுது. 2019ல எனக்கு முதுகுத்தண்டுல அடிபட்டு இடுப்புக்குக் கீழ உணர்வு போனப்புறம் கொஞ்சம் கொஞ்சமா இடிச்சு மாத்தினது. புதுசா கட்றவங்களுக்கும், வயசானவங்கள வெச்சிருக்கறவங்களுக்கும் உதவுமேன்னு எழுதறேன்.

ராம்ப்ல ஆரம்பிக்கறேன். நம்ம ஊரு மேஸ்திரிகிட்ட ராம்ப்னு சொன்னா வண்டி ஏத்தற ராம்ப் தான் போடுவாரு, மூணு படிக்கு நாலடி சரிவு, எக்ஸ்எல் ஏறும், வீல்சேர் பின்னாடி கவுந்துரும். சரிவு 1:12க்கு மேல போகக்கூடாது, அதாவது ஒரு அடி உயரத்துக்கு பன்னெண்டு அடி நீளம், இடம் இருந்தா 1:15 போடுங்க, கை வலிக்காது. தெருத்தண்ணி உள்ள வரக்கூடாதுன்னு எங்க வாசல ஒன்றரை அடி ஏத்தி கட்டிருக்காங்க, அப்போ 18 அடி வேணும்ல, முன்னாடி இடமே இல்ல, காம்பவுண்டுக்குள்ள சைடு சந்து வழியா திருப்பி விட்டு, திரும்பற எடத்துல அஞ்சுக்கு அஞ்சு சமதளம் விட்டோம். தெருப்பக்கம் நீட்டிருந்தா சாக்கடை மேல வந்திருக்கும், தூர் வார வந்தா மொத அடி அதுக்குத்தான். மேல டைல்ஸ் வேணாம்னு சண்ட போட்டு சிமெண்ட்லயே குறுக்க கோடு இழுக்க சொன்னேன், இத்தன மழைக்கும் வழுக்கல. ஏற்காட்ல ஒரு காட்டேஜ்ல "ராம்ப் இருக்கு மேடம்"னு போன்ல அடிச்சு சொன்னாங்க, போனா பளபளன்னு கிரானைட் போட்ட ராம்ப், அதுவும் பனி இறங்கி ஈரமா, ரெண்டு பேர் சேர்ந்து தூக்கித்தான் உள்ள விட்டாங்க.

நிலவாசப்படி தனிக் கத. ஆசாரி அறுக்க மாட்டேன்னுட்டாரு, அத்தை என் வீட்டுக்காரரப் பாத்து "ஏண்டா, வெள்ளிக்கிழமை மஞ்சப் பூசி பொட்டு வெக்கிற படில ரம்பம் வெப்பியா"ன்னாங்க. சரின்னு படிய தொடாம ரெண்டு பக்கமும் சரிவா பலகை செஞ்சு போட்டோம். வெளிப்பக்க பலகை ஊறி உப்பிருச்சு, இப்ப பஸ்ஸுக்குள்ள போடற செக்கர்டு அலுமினிய ஷீட்ட அடிச்சிருக்கோம், அது அசையல. உள்பக்கத்து பலகைய வெள்ளிக்கிழமை அத்தை எடுத்துட்டு பூசிட்டு திரும்ப போட்ருவாங்க.

பாத்ரூம்தாங்க முக்கியம். பழைய கதவு ரெண்டரை அடி, நிலை போக கிடைக்கறது 26 இஞ்சு, என் சேர் 25 இஞ்சு, கை முட்டியெல்லாம் எப்பவும் சிராய்ப்பு தான். இப்ப மூணடி வழி, மேல ட்ராக்ல தொங்கற ஸ்லைடிங் கதவு, கீழ தண்டவாளம் இல்ல. உருளை ஒரு தடவ மாத்தினோம், வேற செலவு இல்ல. இந்தக் கதவுக்கு நூத்துக்கு நூறு.

பாத்ரூம் வாசப்படிய எடுத்தா தண்ணி பெட்ரூமுக்கு வரும்னு பிளம்பர் பயமுறுத்தினாரு, வாஸ்தவம் தான், முதல் மாசமே வந்துச்சு. அப்புறம் வாசல் அகலத்துக்கு நீளமா ஒரு ட்ரெயின் வெட்டி மேல ஜல்லடை போட்டதும் நின்னுருச்சு. ஜல்லடைய வாரத்துக்கு ஒருக்கா எடுத்து முடி எல்லாம் வாரணும், இல்லன்னா திரும்ப வந்துரும்.

கம்மோடு உயரமும் சேர் சீட் உயரமும் ஒண்ணா இருக்கணும், ரெண்டும் 18 இஞ்சு. கடைல விக்கிற சாதா கம்மோடு தாழ்வு, இறங்கிரலாம், ஏறத்தான் உயிர் போகும். பக்கத்துல சேர் நிறுத்த மூணடி விட்டாச்சு. கைப்பிடி கம்பில தான் அவஸ்தை. நாலரை இஞ்சு செவுத்துல பிளாஸ்டிக் பிளக் வெச்சு ஸ்க்ரூ போட்டுட்டு போனாங்க, கொஞ்ச நாள்ல ஆட ஆரம்பிச்சுருச்சு, நல்லவேளை நான் முழு பாரத்த போடல. செவுத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் துளை போட்டு, பின்னாடி இரும்புத் தகடு குடுத்து போல்ட் முடுக்கினதுல இருந்து பாறை மாதிரி நிக்குது. கம்பி வாங்கறப்ப சீக்கிரம் துரு பிடிக்காத 304 கிரேடான்னு கேட்டு பில்லுல எழுதி வாங்குங்க, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தயாரிக்கற ஊர்லயே மட்டமான 202 கிரேட தலைல கட்டிட்டாங்க, நம்ம போர் தண்ணி உப்புக்கு புள்ளி புள்ளியா துரு. பளபளப்பில்லாத மேட் டைல்ஸ் வழுக்காது, ஆனா உப்புக் கறை போகாது, அசிங்கமா இருக்கும், இருந்துட்டு போகட்டும்.

சமையக்கட்டுல ஒரு பக்க மேடைய மட்டும் 30 இஞ்சுக்கு இறக்கி அடில காலியா விட்டோம், முழங்கால் உள்ள போகணும். சிங்குக்கு அடில போற பைப்ப பின்னாடி தள்ளி துணி சுத்தி வெச்சிருக்கேன், கஞ்சி வடிச்சு ஊத்தினா பைப்பு கொதிக்கும், காலு பட்டாலும் எனக்கு தெரியாது, கொப்புளம் வந்தப்புறம் தான் தெரியும். இத எந்த இன்ஜினியரும் சொல்லல.

செல்போன்ல லைட் போடற சுவிட்ச் சுத்த வேஸ்ட், நெட் போனா அதுவும் போச்சு. சுவிட்ச்ச மூணரை அடிக்கு இறக்கி, கட்டில்கிட்ட ஒரு டூவே சுவிட்ச் (ஒரே லைட்ட ரெண்டு எடத்துல இருந்து போட்டு அணைக்கறது) போட்டா போதும்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் எல்லாம் பொதுக் கட்டடத்துக்கு தான் பேசுது, சொந்த வீட்டுக்கு நாமளே தான் டேப்ப புடிக்கணும். காசு கம்மின்னா மொதல்ல பாத்ரூம் கதவு, அப்புறம் கம்பி, ராம்ப் கடைசில. வெளிய போறதுக்கு தூக்கிவிட ஆள் கிடைக்கும், நடுராத்திரி பாத்ரூமுக்கு யார எழுப்பறது?

மொட்டமாடிக்கு இன்னும் வழி இல்லைங்க. வீட்டு லிஃப்டுக்கு கொட்டேஷன் வாங்கி வெச்சிருக்கோம். போட்டு ரெண்டு மூணு வருஷம் ஓட்டினவங்க இருந்தா, கரண்ட் போனா என்ன பண்றீங்க, சர்வீஸுக்கு சேலத்துலயே ஆள் வர்றாங்களா இல்ல கோயமுத்தூர்ல இருந்து வரணுமா, அத மட்டும் சொல்லுங்க.