20,000 ரூபாய்க்குள் காது மிஷின்: எது தேறும், எது தேறாது

காது மிஷின் என்று ஆன்லைனில் தேடினால் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. அதையே ஊரில் ஒரு கிளினிக்கில் போய்க் கேட்டால் ஜோடி 2 லட்சம் என்று கேட்லாக்கை நீட்டுகிறார்கள். படத்தில் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். நான் இரண்டு காதிலும் மிஷின் போடுகிறவன், அதனால் சொந்தத்தில் யாருக்குக் காது மந்தமானாலும் முதல் போன் எனக்குத்தான் வரும், "எதை வாங்கலாம் மாமா?" என்று. என் கட்சி இதுதான்: கொடுக்கிற காசில் பாதிக்கு மேல் அதை செட் பண்ணித் தருகிற ஆளுக்காக என்று நினைத்துக் கொடுங்கள். அந்த ஆள் சரியாக இருந்தால் 20,000 ரூபாய்க்குள் நல்லபடியாக முடித்துவிடலாம், இல்லையென்றால் 2 லட்சமும் மேஜை டிராயருக்குள் தூங்கும்.

விலையைப் பேசுவதற்கு முன்னால் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்துவிடுங்கள். சில பேருக்கு அழுக்கை எடுத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும், சில பேருக்குச் செவிப்பறையில் ஓட்டை இருக்கும், அதற்கு வேறு வைத்தியம். திடீரென்று ஒரே நாளில் ஒரு பக்கக் காது அடைத்துப்போனால் மிஷின் பேச்சே கூடாது, அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும், நாள் தள்ளத் தள்ள மருந்து கேட்கிற வாய்ப்பு குறையும். இதெல்லாம் இல்லையென்றால் ஆடியோகிராம் எடுப்பார்கள். வலது காது சிவப்பு வட்டம், இடது காது நீலப் பெருக்கல் குறி, எந்த ஸ்தாயியில் எவ்வளவு சத்தம் வைத்தால் கேட்கிறது என்கிற கோடு. தையல்காரரிடம் கொடுக்கிற அளவு ஜாக்கெட் மாதிரி இது, இல்லாமல் யார் தைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

சரி, முதல் ஜோடி: ஆன்லைனில் விற்கிற மலிவு மிஷினும், கிளினிக்கில் கம்ப்யூட்டரில் இணைத்து செட் பண்ணித் தருகிற மிஷினும். ஆன்லைனில் 'ஹியரிங் எய்ட்' என்ற பேரில் மலிவாக வருவதில் பெரும்பாலானவை வெறும் ஆம்ப்ளிஃபையர். வருகிற சத்தத்தையெல்லாம் மொத்தமாகக் கூட்டும், அவ்வளவுதான். வயதானவர்களின் காது அப்படிக் கெடுவதில்லை. பெரும்பாலும் தாழ்ந்த ஸ்தாயி ஓரளவு நன்றாகவே கேட்கும், மேல் ஸ்தாயி போயிருக்கும். ஆ, ஓ என்கிற உயிரொலியெல்லாம் காதில் விழும், ச, த, க, ப மாதிரியானவை நழுவும். அதனால்தான் "சத்தம் கேட்குது, என்ன சொல்றேன்னு புரியலை" என்று எல்லா வீட்டிலும் ஒரே புகார். இன்னொரு வேடிக்கை, மெதுவாகப் பேசினால் கேட்காது, கொஞ்சம் குரலை உயர்த்தினால் "ஏன் கத்துறே?" என்று எரிச்சல் வரும். உள்காது நரம்பு பாதித்தவர்களுக்குச் சின்னச் சத்தத்துக்கும் தாங்க முடியாத சத்தத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியே சுருங்கிவிடுகிறது, அந்த எரிச்சலுக்கு அதுதான் காரணம். நல்ல மிஷின் மெல்லிய ஒலியை அதிகமாகவும், பெரிய ஒலியைக் கொஞ்சமாகவும் கூட்டி, ஒரு அளவுக்கு மேல் போகாமல் நிறுத்தும். ஆம்ப்ளிஃபையர் பேச்சோடு சேர்த்து எவர்சில்வர் தட்டு விழுகிற சத்தத்தையும் மண்டைக்குள் இறக்கும், போட்ட மனுஷர் ரெண்டாம் நாள் கழற்றி வைத்துவிடுவார். அப்புறம் நல்ல மிஷின் வாங்கிக் கொடுத்தாலும் "வேண்டாம், எனக்கு மிஷினே ஒத்துக்கலை" என்பார். ஆயிரம் ரூபாய் போவதை விட இந்த வெறுப்புதான் பெரிய நஷ்டம்.

ஆனால் மலிவு என்பதற்காக எல்லாவற்றையும் ஒதுக்க மாட்டேன். பாக்கெட் மிஷின் என்று ஒன்று உண்டு, சட்டைப் பையில் ஒரு பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயர். இளைஞர்களுக்குப் பார்த்தாலே சிரிப்பு வரும். கை நடுங்குகிற, கண்ணும் மங்கிய, காது ரொம்பவே போன 85 வயதுக்காரருக்கு அதுதான் சௌகரியம்: திருகுகிற குமிழ் பெரிதாக இருக்கும், பென்சில் பாட்டரி பெட்டிக்கடையில் கிடைக்கும், மைக் காதை விட்டுத் தள்ளி இருப்பதால் கீ… என்ற விசில் தொல்லை குறைவு. குறை என்னவென்றால் சட்டைத் துணி உரசுகிற சத்தமும் சேர்ந்து கேட்கும். புடவை கட்டுகிறவர்களுக்குப் பெட்டியை எங்கே வைப்பது என்பதும் தலைவலி.

அடுத்த ஜோடிதான் நிறைய பேர் கேட்பது: அரசாங்கம் தருகிற இலவச மிஷினா, கையிலிருந்து 20,000 போட்டு வாங்குவதா? தமிழ்நாட்டில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலம் காதுக்குப் பின்னால் மாட்டுகிற காதொலிக் கருவி இலவசமாகத் தருகிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவி தருகிற மத்திய அரசின் அடிப் (ADIP) திட்டத்தில், கான்பூரிலுள்ள அலிம்கோ என்ற அரசு நிறுவனம் மூலம் முகாம் போட்டுக் கொடுப்பதும் உண்டு, அதற்கு வருமான வரம்பு இருக்கிறது. 60 வயது தாண்டிய, வறுமைக்கோட்டுக்குக் கீழே அல்லது குறைந்த வருமானத்தில் உள்ளவர்களுக்கு, 2017-இல் தொடங்கிய மத்திய அரசின் வயோஸ்ரீ திட்டம் தனி. தகுதி இருந்தால் கூச்சப்படாமல் வாங்குங்கள். இலவசம் என்றால் மட்டம் என்கிற பேச்சில் அர்த்தமில்லை, சாதாரண காதுப்பின் மிஷின் செய்கிற வேலையைத்தான் இதுவும் செய்கிறது.

சிக்கல் இரண்டு இடத்தில். ஒன்று, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபல் (சத்தத்தை அளக்கிற அலகு) வரை இழப்பு இருந்தால்தான் 'காது மந்தம்', 70-க்கு மேல் 'காது கேளாமை'. 50 டெசிபல்காரர் எந்தக் கணக்கிலும் வர மாட்டார், ஆனால் அவருக்கு பஸ்ஸில் கண்டக்டர் சொல்வது கேட்காது, பேத்தி போனில் பேசுவது கேட்காது. நடுவில் மாட்டிக்கொண்ட இந்தக் கூட்டம்தான் பெரிது, இவர்கள் சொந்தக் காசில்தான் வாங்கியாக வேண்டும். இரண்டாவது சிக்கல் காதுக்குள் போகிற முனை. முகாமில் மொத்தமாகக் கொடுக்கும்போது பல பேருக்குப் பொது அளவு ரப்பர் முனையோடு வந்துவிடுகிறது. அது காதில் சரியாக உட்காராது, இடைவெளி வழியாகச் சத்தம் வெளியே கசிந்து மறுபடி மைக்குக்குப் போய் விசிலடிக்கும், விசில் பொறுக்காமல் சத்தத்தைக் குறைத்து வைப்பார்கள், குறைத்தால் கேட்காது. கடைசியில் மிஷின் மேல் பழி.

இதற்கு வழி சுலபம். இலவச மிஷினை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நல்ல ஆடியோலஜிஸ்ட்டிடம் (காதைச் சோதித்து மிஷின் செட் பண்ணித் தருகிறவர்) போய் தனி மோல்டு, அதாவது உங்கள் காதின் அளவுக்கே வார்த்த முனை, செய்துகொள்ளுங்கள். நூல் கட்டிய பஞ்சை முதலில் உள்ளே வைத்து, கலர் பசையைக் காதுக்குள் நிரப்பி, சில நிமிஷம் கழித்து முழு அச்சாக உருவி எடுப்பார்கள். காது ஜில்லென்று அடைத்துக்கொள்ளும், வலி கிடையாது. அந்த அச்சை வைத்துச் செய்த மோல்டு போட்ட இலவச மிஷினுக்கும், ரப்பர் முனையோடு வந்த அதே மிஷினுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மிஷினின் ஆடியோகிராம் செட்டிங்கையும் ஒருமுறை சரிபார்த்துத் தரச் சொல்லிக் கேளுங்கள், கட்டணம் கேட்டால் தாராளமாகக் கொடுக்கலாம்.

கையில் காசு இருக்கிறது, வெளியே தெரியாத மாதிரி வேண்டும் என்கிறவர்களுக்கு: காதுக்குள்ளேயே மறைகிற குட்டி மிஷின், அப்புறம் மெல்லிய ஒயர் நுனியில் ஸ்பீக்கர் இருக்கிற ஆர்ஐசி, இரண்டும் அழகுதான். ஆனால் ஸ்பீக்கர் காதுக்குள்ளேயே இருப்பதால் அழுக்கு ஏறி அடைத்துக்கொள்ளும். நம் ஊர் வியர்வை வேறு, தலைக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெய் வேறு. முழு மிஷினும் வெளியே, மோல்டு மட்டும் காதுக்குள் என்று இருக்கிற பழைய காதுப்பின் மாடல் இதற்கெல்லாம் அசராது, மோல்டைத் தனியாகக் கழற்றிக் கழுவி, ஈரம் போகக் காயவைத்து மாட்டிக்கொள்ளலாம். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோரத்தில் இருப்பவர்கள் ராத்திரி ஈரத்தை உறிஞ்சுகிற சிலிகா ஜெல் டப்பாவில் போட்டு வைப்பது கட்டாயம். கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதற்காகக் கொடுக்கிற அந்தக் கூடுதல் காசு எனக்கு வீணாகத்தான் படுகிறது. நீங்கள் "ஆங்? ஆங்?" என்று கேட்பது மிஷினை விட நன்றாகவே வெளியே தெரியும்.

சார்ஜ் மாடலா, பாட்டரி மாடலா? விரல் நடுங்குகிறவருக்கு சார்ஜ் நல்லது. மற்றவர்களுக்கு, அதுவும் கரண்ட் அடிக்கடி போகிற ஊரில் இருப்பவர்களுக்கு, பாட்டரியே என் ஓட்டு. அட்டையில் ஸ்டிக்கர் நிறம்தான் சைஸ்: 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிஷம் காற்றுப்பட வைத்துவிட்டுப் போடுங்கள், காற்று உள்ளே போனால்தான் அது வேலை செய்யத் தொடங்கும். பாட்டரி இருக்கிறதா என்று பார்க்க, மிஷினை ஆன் செய்து உள்ளங்கைக்குள் மூடுங்கள், விசிலடித்தால் உயிர் இருக்கிறது.

விலை உயர்ந்தது ஒன்றா, சாதாரணமானது இரண்டா என்றால், இரண்டு காதும் ஏறக்குறைய ஒரே மாதிரி போயிருந்தால் யோசிக்காமல் சாதாரணம் இரண்டு. எந்தப் பக்கமிருந்து கூப்பிடுகிறார்கள் என்பது ஒற்றைக் காதில் தெரியாது, ரோட்டைக் கடக்கிறவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. 'அதில் 16 சேனல் சார்' என்று விற்பவர் இழுப்பார், சேனல் என்றால் ஸ்தாயிகளைப் பிரித்துத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற பகுதி. வீட்டில் நாலு பேரோடு பேசி, டிவி பார்த்து, கோயிலுக்குப் போய் வருகிறவருக்கு அதில் பாதியே போதும்.

இப்போதைக்குக் காசே இல்லை என்றால், ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் லைவ் டிரான்ஸ்க்ரைப் இலவசம், தமிழில் பேசுவதை எழுத்தாகக் காட்டும். வட்டார வழக்கில் தடுமாறும்தான், இருந்தாலும் பேங்க் கவுன்ட்டரிலும் டாக்டர் ரூமிலும் கைகொடுக்கும். மிஷினுக்கு மாற்று என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எதை வாங்கினாலும் முதல் சில வாரம் மின்விசிறியும் குக்கரும் படுத்தி எடுக்கும், மூளை பழகிக்கொள்ள அவகாசம் வேண்டும். தினமும் கொஞ்ச நேரம் போட்டு, மெல்லக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். வீட்டில் இருப்பவர்கள் சமையலறையிலிருந்து கத்துவதை விட்டுவிட்டு முகத்துக்கு முன்னால் வந்து பேசுவதற்கு எந்த மிஷினும் ஈடில்லை.

கடையில் காசு கொடுப்பதற்கு முன்னால் வீட்டு ஆள் ஒருவரைப் பின்னால் நிற்கவைத்து, சாதாரணக் குரலில் பத்து, கத்து, சொத்து, முத்து என்று மாற்றி மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள். மிஷின் போட்டவர் திருப்பிச் சொல்லட்டும். விற்பவர் குரலில் சோதிக்காதீர்கள், அவர் தொழிலே தெளிவாகப் பேசுவது. செட் பண்ணுகிறவருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண் இருக்கிறதா, பிறகு செட்டிங் மாற்ற வந்தால் தனியாகக் காசா, வீட்டில் போட்டுப் பார்க்க சில நாள் தருவார்களா, இதையெல்லாம் வாயால் கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். மிஷினுக்கு ஜிஎஸ்டி கிடையாது, பில்லில் சேர்த்திருந்தால் என்னவென்று கேளுங்கள். நாளைக்கே எடுத்தால்தான் இந்த ஆஃபர் என்று அவசரப்படுத்தினால், எழுந்து அடுத்த கிளினிக்குக்கு நடையைக் கட்டுங்கள்.